நலவாழ்வுப் பக்கம்: வெங்காயமும் தூதுவளையும் ஒவ்வாமையைத் தீர்க்குமா?



மும்பையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் தும்மலும் இளைப்பும் கூடவே வந்து தங்கிவிடுகின்றன. தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் சுவர் ஈரம் ஊறிப் பூசணம் பூக்கிறது. மழை நின்ற பிறகும் நிம்மதியில்லை. குளிர்காலத்தில் காற்று அசையாமல் நிற்க, கும்பார்வாடாவின் சூளைப் புகையும், மாட்டுங்கா சாலைகளின் வாகனப் புகையும், செம்பூர் மாகுல் பகுதியின் ஆலை நெடியும் தாழ்வாகவே படிந்திருக்கின்றன. ஊரில் இருந்தவரை தும்மலே அறியாதவர்கள்கூட இங்கு வந்து சில ஆண்டுகளில் மூக்கடைப்போடும் இளைப்போடும் மருத்துவரைத் தேடுகிறார்கள்.

இந்நிலையில் ஊரிலிருந்து தொலைபேசியில் ஆலோசனை வருகிறது. "பிள்ளைக்குச் சின்ன வெங்காயத்தைப் பச்சையாகக் கொடு, தூதுவளை ரசம் வை, மஞ்சள் போட்டுப் பால் கொடு. அந்த இன்ஹேலரை நிறுத்திவிடு, பழகிப்போகும்" என்று பெரியவர்கள் அன்போடு சொல்லுகிறார்கள். கைபேசியில் உலாவரும் செய்திகளும் இதையே சொல்லுகின்றன. இந்த ஆலோசனையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாம் பகுதி ஆபத்தானது. இரண்டையும் பிரித்தறியத் தெரியாததால் இளம்பிள்ளைகள் நள்ளிரவில் மூச்சுக்குத் தவிக்க நேரிடுகிறது. ஆகையால் இம்மாதம் இதைக்குறித்துச் சற்று விரிவாக அறிந்துகொள்வோம்.

ஒவ்வாமை எப்படி உண்டாகிறது?

நம் உடலில் கிருமிகளை எதிர்த்துப் போராடுவதற்கென்று ஒரு காவற்படை இருக்கிறது. தீங்கற்ற ஒரு பொருளைப் பகைவன் என்று அது தவறாக எண்ணிக்கொள்ளுவதே ஒவ்வாமை. தூசிப் பூச்சியின் கழிவு, பூசணத்தின் நுண்வித்து, கரப்பான் பூச்சியின் உதிர்வு, புறாவின் இறகுத் தூள், பூக்களின் மகரந்தம், சில உணவுப் புரதங்கள் ஆகியவை இத்தகைய பொருள்கள்.

இந்தப் பொருளுக்கு எதிராக உடல் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குகிறது. இதனை 1966-ஆம் ஆண்டு ஜப்பானைச் சேர்ந்த இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவில் ஆய்வு செய்து கண்டறிந்தனர். இப்புரதம் மூக்கிலும் நுரையீரலிலும் தோலிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி உள்ளே வந்தவுடன் அந்தச் செல்கள் வெடித்ததுபோலத் திறந்து ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடும். மூக்கில் கொட்டினால் தும்மலும் நீரொழுக்கும்; தோலில் கொட்டினால் தடிப்பும் அரிப்பும்; மூச்சுக்குழலில் கொட்டினால் குழல் சுருங்கி இளைப்பு.

ஆஸ்துமாவில் இன்னொன்றும் உண்டு. மூச்சுக்குழலின் உட்சுவர் நாட்கணக்கில் வீங்கிச் சிவந்தே இருக்கும். வெளியே இளைப்பு இல்லாத நாட்களிலும் உள்ளே வீக்கம் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பயன் பின்னர் விளங்கும்.

வெங்காயத்திற்குள் இருப்பது என்ன?

செடிகொடிகளால் பகைவரைக் கண்டு ஓட இயலாது. ஆகையால் பூச்சியையும் பூசணத்தையும் கடும் வெயிலையும் தாங்குவதற்குப் பற்பல வேதிப்பொருள்களைத் தங்களுக்குள்ளே தயாரித்துக்கொள்ளுகின்றன. அவற்றுள் ஒரு பெரிய குடும்பம் பிளேவனாய்டுகள். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பெர்ட் சென்ட்-கியோர்கி 1936-இல் இவற்றுக்கு 'வைட்டமின் பி' என்று பெயரிட்டார். இது நாம் அறிந்த பி வைட்டமின் வரிசை அன்று. நுண்குழாய்க் கசிவைத் தடுக்கும் தன்மையைக் குறிக்கும் வேறோர் எழுத்து. இவை இன்றியமையாத வைட்டமின்கள் அல்ல என்று பின்னர் தெளிவானதால் 1950-களில் அப்பெயர் கைவிடப்பட்டது.

இந்தக் குடும்பத்தில் குவெர்செட்டின் என்பது நம் சமையலறைக்கு மிக நெருங்கியது. சிவப்பு வெங்காயம், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, ஆப்பிளின் தோல், தேயிலை ஆகியவற்றில் இது உண்டு. ஆய்வுக்கூடத்தில் மாஸ்ட் செல்களைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அவற்றின்மேல் குவெர்செட்டினை இட்டுப் பார்த்தபோது, அச்செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுவது குறைந்தது. 1970-களிலிருந்து பலமுறை இவ்வாறு காணப்பட்டுள்ளது. ஆகவே "வெங்காயம் சளிக்கு நல்லது" என்று பாட்டி சொன்னதில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் கண்ணாடிக் குழாய் வேறு, மனித உடல் வேறு. 1995-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டினில் ஏறக்குறைய பாதியைக் குடல் உறிஞ்சிக்கொண்டது காணப்பட்டது. மற்ற வடிவங்களைவிட இது மேல்தான். எனினும் உறிஞ்சப்பட்டதை குடற்சுவரும் கல்லீரலும் உடனே வேறு உருவுக்கு மாற்றிவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய செறிவு இரத்தத்தில் உண்டாவதில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். நூறு கிராம் வெங்காயத்தில் சுமார் 30 மில்லிகிராம் குவெர்செட்டின் இருப்பதாகக் கொள்வோம். கடைகளில் விற்கும் ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. அந்த அளவை வெங்காயத்திலிருந்து பெறவேண்டுமானால் ஒருவர் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமாக உண்ணவேண்டும்! வயிறு தாங்காது, வீட்டுச் செலவும் தாங்காது. சரி, மாத்திரையையே வாங்கிவிடலாமா என்றால், அம்மாத்திரைகள் ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடவும் கூடாது.

அப்படியானால் உணவில் வெங்காயம் சேர்ப்பதால் பயனே இல்லையா? உண்டு, அந்தப் பயன் மெல்லச் சேருவது. பின்லாந்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரின் உணவுப் பழக்கத்தைக் குறித்துவைத்து நீண்டகாலம் கவனித்தார்கள். 2002-இல் வெளியான அதன் முடிவில், குவெர்செட்டின் அதிகமுள்ள உணவுகளை உண்டவர்களிடையே ஆஸ்துமா தோன்றுவது குறைவாக இருந்தது. காய்கனிகளை விரும்பி உண்பவர்கள் மற்ற காரியங்களிலும் ஒழுங்காக இருக்கக்கூடும் என்பதால், வெங்காயம் ஒன்றே காரணம் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் காய்கனியும் கீரையும் நிறைந்த தட்டு நுரையீரலுக்கு நன்மை என்று நம்ப இடமுண்டு.

சமைக்கும்போது கவனிக்கவேண்டியவை: வெங்காயத்தின் வெளி அடுக்குகளிலேயே குவெர்செட்டின் மிகுதி, ஆகவே நான்கைந்து அடுக்குகளை உரித்து எறியாதீர்கள். வேகவைத்த நீரில் அது இறங்கிவிடும். நீரைக் கொட்டாமல் சாம்பாராகவோ குழம்பாகவோ உண்பது நல்லது. மழைக்காலத்தில் வெங்காயத் தோலின்மேல் கரித்தூள்போல ஒட்டியிருப்பது பூசணம். அதன் நுண்வித்து மூக்கில் ஏறினால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலையும் இளைப்பையும் தூண்டக்கூடும். ஓடும் நீரில் கழுவியபின் உரியுங்கள். உரிக்கும் வேலையை இளைப்பு உள்ள பிள்ளையிடம் கொடாதீர்கள்.

இலையிலிருந்து மருந்துக்கடை வரை

"தாவரத்தில் மருந்து இல்லையென்றால் மருந்துக் கம்பெனிகள் ஏன் தாவரத்தைத் தேடுகின்றன?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. இதற்கு இரண்டு வரலாறுகள் விடை சொல்லும்.

எகிப்தில் அம்மி விஸ்நாகா என்னும் செடியின் விதையை நெடுங்காலமாக வயிற்று இழுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுத்துவந்தார்கள். அதிலுள்ள கெல்லின் என்னும் பொருள் தசைகளைத் தளர்த்தும். பிளேவனாய்டுகளுக்கு ஒருவகையில் உறவான பொருள் இது. இங்கிலாந்தில் பணியாற்றிய ரோஜர் அல்டூனியன் என்ற மருத்துவர் தாமே ஆஸ்துமா நோயாளி. கெல்லினின் வடிவத்தை மாற்றி மாற்றி உருவாக்கப்பட்ட பொருள்களை அவர் தம்மீதே சோதித்தார். தமக்கு ஒவ்வாத கினிப்பன்றி மயிரை ஊறவைத்த நீரை ஆவியாக இழுத்து, வேண்டுமென்றே இளைப்பை வரவழைத்து, எந்தப் பொருள் அதைத் தடுக்கிறது என்று பல ஆண்டுகள் பார்த்தார். 1965-இல் குரோமோகிளைகேட் கிடைத்தது. மாஸ்ட் செல்கள் வெடிக்காமல் காக்கும் மருந்து அது. கண் அரிப்புக்கான சொட்டு மருந்தாக இன்றும் பயன்படுகிறது. கவனியுங்கள்: அந்த மருந்து விதைக்குள் இருக்கவில்லை, விதை காட்டிய வழியில் மனிதர் உருவாக்கியது. அதை விழுங்கினால் இரத்தத்தில் சேருவதும் இல்லை. நுரையீரலுக்கு மூச்சோடு இழுக்கவேண்டும், கண்ணுக்குச் சொட்டாக விடவேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வழியாக என்ற மூன்றும் சேர்ந்தால்தான் மருந்து.

இரண்டாவது வரலாறு நம் ஊருக்கு உரியது. நம் வேலியோரத்து ஆடாதோடையை எல்லாரும் அறிவோம். உதகமண்டலத்தில் சின்கோனா மரப்பட்டை ஆய்வுக்காக அரசு நியமித்திருந்த டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலர் 1888-இல் ஆடாதோடையின் இலையிலிருந்து வாசிசின் என்னும் பொருளைப் பிரித்து எழுதினார். பின்னாளில் அதன் அமைப்பைத் தழுவி உருவானவையே புரோம்ஹெக்சினும் அம்புராக்சாலும். சளியை இளக்கும் இருமல் மருந்துப் புட்டிகளில் இப்பெயர்களைக் காண்பீர்கள். ஆனால் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச்செய்யும் தன்மையும் உண்டு. ஆகவே கர்ப்பவதிகள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கலாகாது. இலை என்பதால் எல்லாருக்கும் எப்போதும் தீங்கற்றது என்று எண்ணுவது தவறு.

தூதுவளையும் நஞ்சறுப்பானும்

மாட்டுங்காச் சந்தையில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கப் போகும் நம்மவர்கள் தூதுவளையையும் தேடுகிறார்கள். சித்த மருத்துவத்தில் இளைப்புக்கு உரிய மூலிகைகளாகத் தூதுவளையும் கண்டங்கத்தரியும் கூறப்படுகின்றன. இவ்விரண்டையும் தமிழ் மருத்துவ ஆய்வாளர்கள் முறைப்படி சோதித்து 1999-இல் வெளியிட்டனர். மிதமான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 300 மில்லிகிராம் மூலிகைத் தூளைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மூச்சின் வேகத்தைக் கருவியால் அளந்தார்கள். முன்னேற்றம் தெரிந்தது. இது மகிழ்ச்சியான செய்தியே. ஆனால் அது சிறிய முன்னோட்ட ஆய்வு. கடுமையான இளைப்பில் இருந்தவர்களை வைத்துச் செய்யப்பட்டதன்று. தூதுவளை ரசம் உணவாக நல்லது. மூச்சு முட்டும் நள்ளிரவில் அது உதவிக்கு வராது.

ஒரு சிறிய ஆய்வை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நஞ்சறுப்பான் சான்று. 1960-களின் இறுதியில் தில்லியில் மருத்துவர் டி. என். சிவ்புரியின் குழுவினர், ஆஸ்துமாவும் மூக்கு ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு நஞ்சறுப்பான் இலையை மெல்லக் கொடுத்தனர். சில நாட்கள் மென்றவர்களுக்குப் பல வாரங்கள் நலம் நீடித்ததாகத் தெரிந்தது. நாடெங்கும் பேச்சாயிற்று. ஆனால் 1979-இல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வில், யாருக்கு மூலிகை, யாருக்கு வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு கூட்டத்தாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இலையை மென்றவர்கள் பலருக்கு வாய் புண்ணாகி, உப்புச்சுவை தெரியாமற்போய், குமட்டலும் வந்திருந்தது. ஆஸ்துமா தானாகவே கூடிக் குறையும் நோய். குறையும் வாரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதுவே குணமாக்கியது என்று தோன்றும். "எனக்குக் கேட்டது" என்ற சாட்சி உண்மையுள்ளதாக இருந்தும், காரணம் வேறாக இருக்கலாம்.

மஞ்சளுக்கும் இதே அளவுகோல்தான். 2016-இல் சீனாவில் மூக்கு ஒவ்வாமை உள்ள 241 பேரிடம் நடந்த ஆய்வில், மஞ்சளின் குர்குமினை இரண்டு மாதம் உட்கொண்டவர்களுக்குத் தும்மலும் அடைப்பும் குறைந்தன. ஆனால் குர்குமின் எளிதில் உடலில் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் உடன் சேர்ந்தால் அதிகமாகச் சேருகிறது என்று 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குழம்பில் மஞ்சளும் மிளகும் சேருவது நல்ல வழக்கம். ஆனால் மிளகுச் சாறு சேர்த்த செறிவான மஞ்சள் மாத்திரைகளை உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக அண்மை ஆண்டுகளில் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்துள்ளன. சமையலளவு வேறு, மாத்திரையளவு வேறு. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தோடு உதிரியாக விற்கும் தூளில் ஈயம் கலந்த சாயம் இருக்கக்கூடும். விரலிமஞ்சளை வாங்கி அரைத்துக்கொள்ளுவது பாதுகாப்பு.

தாவர உணவே ஒவ்வாமை தருவதும் உண்டு

ஒவ்வாமையைத் தணிக்கும் தாவரத்தைத் தேடுகிறோம். ஒவ்வாமையை உண்டாக்கும் தாவரம் நம் தட்டிலேயே இருப்பதைக் கவனிப்பதில்லை. மேலைநாடுகளில் நிலக்கடலையே பெரிய பகை. மும்பை மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் கொண்டைக்கடலை ஒரு முக்கியமான ஒவ்வாமைப் பொருள் என்று காட்டியது. இந்த நகரத்தில் அது எங்கெங்கு ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வடாபாவின் மேல்மாவு கடலைமாவு. பஜ்ஜி, சேவ், டோக்ளா, பூந்தி, லட்டு, மைசூர்பாகு எல்லாம் கடலைமாவு. நம் இட்லிக்கு அரைக்கும் சட்டினியில் போடும் பொட்டுக்கடலையும் அதே கடலைதான்! பள்ளி விட்டு வரும் வழியில் வடாபாவ் தின்ற பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் உதடு தடித்து, தோலில் திட்டுகள் எழும்பி, இளைப்பு வருமானால், தூசியை மட்டும் குற்றம் சொல்லாமல் இதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

கத்தரிக்காயைக் 'கரப்பான் பண்டம்' என்று நம் முன்னோர் ஒதுக்குவார்கள். மைசூரில் 741 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஒன்பது பேருக்குத் தோல் சோதனையில் கத்தரிக்காய்க்கு எதிர்வினை காணப்பட்டது. ஆனால் ஐ.ஜி.இ. வழியான உறுதியான ஒவ்வாமை நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. கத்தரிக்காயில் இயற்கையாகவே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இருப்பதால் சிலருக்கு வாய் நமைக்கும். ஆகவே முன்னோர் கண்டது வீண் அல்ல. அதற்காக வீட்டில் எல்லாருக்கும் கத்தரிக்காயை விலக்கவேண்டியதும் இல்லை.

மாம்பழக் காலத்தில் உதட்டைச் சுற்றிக் கொப்புளம் வருவது பெரும்பாலும் காம்பிலும் தோலிலும் உள்ள பாலினால் வருவது. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எரிச்சல் எண்ணெயும் இதுவும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். நன்கு கழுவித் தோல் சீவிக் கொடுத்தால் பலருக்கு இத்தொல்லை இராது.

இதனால் பயந்து, பிள்ளைக்குப் பருப்பு வேண்டாம், பழம் வேண்டாம், கீரை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிடாதீர்கள். தாராவியில் பல பிள்ளைகள் ஏற்கெனவே மெலிந்திருக்கிறார்கள். சோதனையால் உறுதியான ஒரு பொருளை மட்டும் விலக்கி, அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்கவேண்டும்.

இன்ஹேலர் பழகிப்போகுமா?

இப்போது ஆலோசனையின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுருங்கிய குழலை உடனே விரிப்பது. மற்றொன்று, உள்ளிருக்கும் வீக்கத்தை நாளடைவில் ஆற்றுவது. இரண்டாம் வகையில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று கேட்டவுடன் பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆனால் அதன் அளவு மைக்ரோகிராம் கணக்கில். அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில். மாத்திரையாக உண்டால் இதைவிடப் பன்மடங்கு வேண்டும். அதுவும் உடலெங்கும் பரவும். இன்ஹேலரோ வேண்டிய இடத்திற்கே நேராகச் செல்லுகிறது. போதைபோலப் பழகும் பொருள் அதில் எதுவும் இல்லை. நிறுத்தினால் இளைப்பு திரும்புவது பழக்கத்தினால் அன்று. வீக்கம் ஆறாமல் இருப்பதினால்.

விரிக்கும் மருந்தை மட்டும் இழுத்துக்கொண்டு வீக்கத்தை ஆற்றும் மருந்தை விட்டுவிடுவதும் ஆபத்து. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் விரிக்கும் மருந்தை மட்டும் தனியே கொடுக்கும் முறையை உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான கினா 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஒன்றும் தோன்றாத நாளிலும் உள்ளே வீக்கம் உண்டு என்று மேலே சொன்னதன் பொருள் இதுவே.

இன்ஹேலரைப் பயந்து விட்டவர்களில் சிலர் பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலச் சூரணத்தை வாங்குகிறார்கள். இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கும். இத்தகைய பொட்டலங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பதை நம் நாட்டுச் சோதனைகள் கண்டறிந்துள்ளன. மைக்ரோகிராமுக்குப் பயந்தவர் அளவு தெரியாத மில்லிகிராமை விழுங்குகிறார்!

ஜெபிக்கிறவர்கள் மருந்தைத் தொடலாகாது என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தபோது ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே வேளையில் அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழத்தை வைத்துக் கட்டும்படி ஏசாயா சொன்னதையும் நாம் வாசிக்கிறோம். பிள்ளைக்காக முழங்காற்படியிடுங்கள்; அந்தப் பிள்ளையின் இன்ஹேலரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நாள்தோறும் ஒரு கீரை, ஒரு பழம், சமையலில் வெங்காயம், மஞ்சள், மிளகு. முருங்கைக்கீரை வாரம் இரண்டு முறை. இவற்றை மருந்தாக எண்ணாமல் உணவாக உண்ணுங்கள்.

2. மிளகாய் வறுப்பதும் தாளிப்பதும் இளைப்புள்ள பிள்ளை வெளியே இருக்கும்போது நடக்கட்டும். கதவைத் திறந்துவையுங்கள். கொசுவர்த்திச் சுருளையும் பீடி சிகரெட்டையும் வீட்டுக்குள் அனுமதியாதீர்கள்.

3. தலையணை உறை, போர்வைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, வெயில் கிடைக்கும் நாளில் உலர்த்துங்கள். சுவரில் பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

4. ஒரு நோட்டுப் புத்தகத்தில், என்ன உண்டபின், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் தொல்லை வந்தது என்று எழுதிவையுங்கள். மருத்துவருக்கு இது மிகவும் பயன்படும்.

5. கஷாயம், சூரணம், மாத்திரை எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறையாமல் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் இன்ஹேலரின் அளவைக் குறைக்கவும் நிறுத்தவும் வேண்டாம்.

6. இன்ஹேலர் இழுத்தபின் வாயைக் கொப்பளிக்கவேண்டும். சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் குழாய் வைத்துக் கொடுக்கும் முறையை மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுவதும் பேச முடியாமல் மூச்சு வாங்குதல், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தல், உதடு நீலமாதல், விரிக்கும் இன்ஹேலர் இழுத்தும் குறையாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கஷாயம் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். தாராவிக்கு அடுத்தே சயான் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருப்பவர்கள் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு எந்த வழியாகச் செல்லவேண்டும் என்பதை இன்றே குடும்பத்தாரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ தொலைபேசியில் தூதுவளை ரசம் வைக்கச் சொன்னால் மறுக்கவேண்டாம். "வைக்கிறேன் அம்மா, இன்ஹேலரும் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் மனமும் நோகாது. பிள்ளையின் மூச்சும் தடைபடாது.